சைலன்சர் மாற்றிய பிறகு

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை லைட்ஹவுஸ் குப்பத்தில் இதுவரை யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. செல்போனில் பாட்டுக்கு ஒரு ஆப் செய்கிறேன் என்றால், “பாட்டு கேக்கறதுக்குத்தான் ஏற்கெனவே எவ்ளோ கீதே” என்பார்கள். கேட்பதற்கு இல்லை, சத்தத்தை உண்டாக்குவதற்கு என்றால், “இங்க சத்தத்துக்கா பஞ்சம்?” என்று சிரிப்பார்கள். ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின், நடுவில் மீன் ஏலம், போதாததற்குக் கோயில் ஸ்பீக்கர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்க உட்கார்ந்தவள் நான்.

ஆப் இதுதான். ஒரு சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் திரையில் ஒரு சின்னப் பெட்டியாக வைத்திருப்பேன். ஒரு பெட்டி வெறுமனே அதிரும். அதற்கு ஊற்று என்று பெயர் வைத்தேன். அந்த அதிர்வில் வேண்டாததைக் கழிக்கும் பெட்டிக்கு வடி. சத்தம் எப்படி எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும் பெட்டிக்கு வளைவு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு விரலால் கோடு இழுத்தால் கம்பி போட்டது போல இரண்டும் இணைந்துகொள்ளும். எதை எதோடு இணைப்பது என்பது அவரவர் இஷ்டம். பெரிய ஊர்களில் இதையே பீரோ அளவுக்கு மெஷினாக வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அதை ஒரு மலிவான செல்போனுக்குள் அடக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கொள்கை ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது மலிவான செல்போன்தான்.

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அவர்கள் சொன்னதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். பகலில் கம்பெனி வேலை, மீதி நேரத்தில் என் ஆப். அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவன். நைனா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அவன்தான். அவனும் அண்ணியும் முன்னால் இருந்த அறையில், நான் சிமென்ட் ஷீட் போட்ட பின்னறையில். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் என்னை அதட்டித் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆப்பை முதலில் தொட்டுப் பார்த்தவன் அண்ணன்தான். தொட்டதில் ஒன்றும் நடக்கவில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்; கண்ணாடித் திரைக்கு அது விரல் என்றே படவில்லை. குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, “உன் ஆப்புக்கு என்னப் புடிக்கலம்மா” என்றான். பிறகு நான் இழுத்துக் காட்டிய கோடுகளைப் பார்த்து, “இன்னாது இது, நண்டு வலை சிக்கிக்கினா மாதிரி கீது” என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாதக்கணக்கில் செய்ததை ஒரு வார்த்தையில் நண்டு வலை ஆக்கிவிட்டானே என்று அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

எங்கள் கரையில் பெண்கள் போட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே காதால் பார்த்துவிடுவார்கள். ஃபைபர் போட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே எஞ்சின்தான். ஆனால் ஓட ஓட ஒவ்வொன்றுக்கும் ஒரு தொண்டை வந்துவிடும். ஒன்று இருமும், ஒன்று விக்கும், ஒன்று கிழவன் சாபம் விடுவதுபோல் முனகிக்கொண்டே வரும். காலையில் அலைக்கு அப்பால் சத்தம் எழும்போதே, “அது என் தம்பி போட்டு”, “அது கோடி வூட்டு போட்டு” என்று சொல்லிக்கொண்டே கூடையை எடுப்பார்கள்.

அண்ணனின் எஞ்சினில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுசு அவ்வளவுதான். அவன் ஒரு எண்ணெய் டின்னை வெட்டி, அந்தத் தகரத்தை ஓட்டையின் மேல் சுற்றிக் கம்பியால் கட்டிவைத்திருந்தான். புதிது வாங்கு என்று அண்ணி எவ்வளவோ சொன்னாள். “ஓடுதுல்ல, வுடு” என்பான். அதனால் அவன் போட்டின் சத்தத்தில் டக்டக் என்ற அடிக்கு மேல் ஒரு தகரச் சிலிர்ப்பு இருக்கும். அது காதில் விழுந்ததும் அண்ணி டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். கடைசி அலைக்கு முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அலையின் முதுகிலேயே ஏறிக் கரைக்கு வந்து முட்டுவது அவன் வழக்கம். சத்தம் நின்றால் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

ஒரு ஐப்பசியில், முகத்துவாரம் மணல் மேடிட்டு அலை குறுக்கும் நெடுக்குமாக உடைந்துகொண்டிருந்த காலையில், திரும்பி வரும்போது போட்டு கவிழ்ந்தது. கூடப் போன இருவரும் நீந்திக் கரையேறினார்கள். அண்ணன் ஏறவில்லை. மறுநாள் வடக்கே கரை ஒதுங்கினான். உடம்பாவது கிடைத்ததே என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஆறுதல் அந்த மட்டத்தில்தான் ஆரம்பிக்கும்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. எழுத இஷ்டமும் இல்லை.

போட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. எஞ்சினை மட்டும் எடுத்துவந்து எங்கள் வீட்டு வேலியோரம் சாக்கு போட்டு மூடிவைத்தார்கள். பின் தெருவில் ஒரு மாமா இருந்தார். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், அண்ணனோடு சேர்ந்து தொழில் கற்றவர். அவருடைய எஞ்சின் படுத்துவிட்டது. மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான், கடல் பக்கம் வருவதில்லை. மாமா மட்டும் விடாமல் தொழில் செய்துகொண்டிருந்தார். அவர் வந்து தயங்கித் தயங்கி அந்த எஞ்சினைக் கேட்டபோது அண்ணி யோசிக்கவே இல்லை.

“எடுத்துனு போங்கண்ணா. இங்க கெடந்தா உப்புக் காத்து துன்னுடும். ஓடட்டும்” என்றாள்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாங்கள் இருவரும் இரும்பை நினைத்தோமே தவிர, சத்தத்தை நினைக்கவில்லை. சத்தத்தோடு நாளெல்லாம் மாரடிக்கிற நானாவது நினைத்திருக்கலாம்.

மாமா எஞ்சினைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டுத் தன் போட்டில் பூட்டினார். தகரம் சுற்றிய சைலன்சரை அப்படியே விட்டுவிட்டார். அவருக்கும் ‘ஓடுதுல்ல, வுடு’தான். முதல் தடவை அவர் கடலுக்குப் போய்த் திரும்பிய காலையில் அண்ணி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே லேப்டாப்போடு இருந்தேன். அலைக்கு அப்பாலிருந்து டக்டக் என்று தகரச் சிலிர்ப்போடு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, வருஷக் கணக்கான பழக்கத்தில், யோசிக்காமல் குரல் கொடுத்துவிட்டாள்:

“ஏமே, உன் போட்டு வர்து பாரு!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அண்ணி எழுந்து, சாம்பல் கையோடு உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைத்து டீப் பாத்திரத்தை ஏற்றிவிட்டிருந்தாள். தண்ணீர் சூடாகும் வரை நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அவளே அடுப்பை அணைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். மாமா நல்ல உழைப்பாளி, ஒரு நாள் விடாமல் போவார். தினமும் காலையில் செத்துப்போன என் அண்ணன் கரைக்கு வருவான். அண்ணி அந்த நேரத்துக்கு டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். சீக்கிரமே கிளம்பிப் பழவேற்காடு மார்க்கெட்டில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கே இருந்தாலும் காது இங்கேதான் இருக்கிறது என்றாள். சாப்பாடு இறங்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. தம்பி வீட்டுக்கே போய்விடுகிறேன், பசியாவரத்தில் ஒரு மூலையில் கிடக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். பழவேற்காடு ஏரிக்கு நடுவிலிருக்கிற அந்தத் தீவில் அவளுடைய தம்பி வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அங்கே போனால் தம்பி மனைவிக்கு எடுபிடியாகத்தான் இருக்க வேண்டும். இந்த வீட்டில் அவள் எஜமானி. அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயமும் இருந்தது. அதை மறைப்பானேன்?

ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“பாப்பா, நீதான் எந்த சத்தத்தயும் மாத்துவியே. அத்த மாத்திடேன்.”

“அண்ணி, அது போன் இல்ல. எஞ்சினு. இரும்பு.”

“எனக்கு இன்னா தெரியும். உன்னால முடியும்னுதான் கேக்கறேன்.”

அவள் போன பிறகு எரிச்சலாக இருந்தது. நான் என்ன மந்திரவாதியா? ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. அந்த எஞ்சினும் என் ஆப் மாதிரிதானே. உள்ளே டீசல் வெடிப்பது ஊற்று. அது எல்லா எஞ்சினிலும் ஒன்றுதான். வெளியே வரும் வழியில் இருக்கும் சைலன்சர்தான் வடி. அண்ணனின் சத்தம் என்று நாங்கள் நினைத்தது எஞ்சினில் இல்லை, அந்த ஓட்டையிலும் தகரத்திலும் இருந்தது. ஒரு பெட்டியை எடுத்துவிட்டு வேறு பெட்டி வைத்தால் போதும்.

மறுநாள் காலை கரைக்குப் போனேன். மாமா வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“எனக்குத் தெரியும்மா” என்றார். “நான் கரைய தொட்டா பொம்பளைங்க பேச்ச நிறுத்திடறாங்க. எனக்கே ஒரு மாதிரியாத்தான் கீது. உங்கண்ணன் பின்னால குந்தினு வர்ற மாதிரி. ஆனா நானா போயி அத்தக் கழட்டிப் போட்டா, அவன் கட்டுன கட்ட அவுத்துட்டான்னு உங்கண்ணி நெனைக்குமேன்னு வுட்டுட்டேன்.”

பழவேற்காட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது சைலன்சர் வாங்கி வந்தேன். மாமா அன்றைக்கே பூட்டினார். அடுத்த நாள் காலையில் வரிசையாகப் போட்டுகள் வந்தன. அதில் எது மாமாவுடையது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி வாசலில் உட்கார்ந்து காலா மீனின் செதிளைச் சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. மாமா வீட்டுக்கு வந்து கூடையில் மீன் வைத்துவிட்டுப் போனபோதுதான், “எப்ப வந்தீங்கண்ணா?” என்று கேட்டாள்.

அந்த வருஷத்தில் நான் செய்த உருப்படியான ஒலி வேலை அது ஒன்றுதான். பெருமையாகக்கூட இருந்தது. அண்ணி சாப்பிட ஆரம்பித்தாள். கருவாட்டுக்கு மீன் வாங்கிக் காயவைத்தாள். பசியாவரம் பேச்சு நின்றது. நான் என் ஆப்புக்குத் திரும்பினேன்.

ஆப்பில் அப்போது நான் முட்டிக்கொண்டிருந்தது அடிச்சத்தத்தோடு. செல்போன் ஸ்பீக்கர் கடுகளவு. மேளத்தின் தொம் போன்ற ஆழமான சத்தம் அதில் வரவே வராது. ஆனால் அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஒரு ஆழமான சத்தம் எழும்போது அதன் மேலேயே அடுக்கடுக்காகச் சின்னச் சத்தங்களும் எழும். அந்தச் சின்னச் சத்தங்களை மட்டும் சரியான இடைவெளியில் கொடுத்தால் போதும், அடியில் இல்லாததைக் காது தானாகவே போட்டுக்கொள்ளும். ஸ்பீக்கர் அதைக் கொடுக்கவில்லை. ஆனாலும் நமக்குக் கேட்கும். படித்தபோது நான் நம்பவில்லை. செய்து பார்த்தபோது கேட்டது. ஒரு மத்தியானம் அதைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொம் தொம் என்று சீராக ஒரு துடிப்பு.

கருவாடு வாசனை வந்தது. திரும்பினால் அண்ணி நிற்கிறாள்.

“அது இன்னா?”

“ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா டெஸ்ட்டு.”

அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“பாப்பா, உங்கண்ணன் போட்டு சத்தம் எப்டி இருக்கும்?”

“இன்னா அண்ணி இப்படிக் கேக்கற?”

“மறந்துட்டேன்டி. மீன் காயவெக்கும்போது நெனச்சிப் பாக்கறேன். யார் யாரு போட்டு சத்தமோ வர்து. அது மட்டும் வர்ல. மூஞ்சிக்கு போட்டா கீது. சட்ட கீது, மோந்து பாத்துக்கறேன். இது மட்டும் எங்கியும் இல்ல. நானே போய் மாத்தச் சொன்னேன் பாரு. என் வாயால நானே சொன்னேன்.”

அந்தச் சத்தம் இனி வேண்டாம் என்றுதான் அவள் கேட்டாள். இல்லாமலே போய்விடும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

என்னிடம் பதிவு இருக்கும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆப்புக்காக நான் பதியாத சத்தமா? ஐஸ் உடைவது, ஏலத்தில் கத்துவது, வலையை உதறுவது, காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வரும் கப்பல் ஊதல், ஏரியில் பறவைக் கூட்டம் எழும்புவது என்று போன் நிறைய வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். எதன் பின்னாலாவது, எங்கேயாவது தூரத்திலாவது அது இருக்காதா என்று தேடினேன். இல்லை. தினமும் வந்ததால் அதைப் பதியத் தோன்றவே இல்லை. வீட்டில் இருக்கிற உப்பை யார் படம் எடுப்பார்கள்?

மாமாவிடம் ஓடினேன். பழைய சைலன்சரை அவர் அப்போதே பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். “அத்த எவனாவது வெச்சினு இருப்பானாம்மா?” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும், “வோணும்னா புதுசுல ஓட்ட போட்டுத் தகரம் கட்டி ஓட்டிக் காட்டட்டுமா?” என்று கேட்டார். நல்ல மனுஷன். நிஜமாகவே செய்திருப்பார். ஆனால் வேறு ஓட்டை, வேறு தகரம். எங்கேயோ ஒரு போட்டு என்றுதான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மிச்சம் இருந்தது என் ஆப்பும் எங்கள் இருவர் ஞாபகமும்தான்.

மத்தியானங்களில் உட்கார்ந்தோம். நான் ஒரு ஊற்றை எடுத்து, வெடிப்பு மாதிரி வெட்டி வெட்டி விட்டேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “இது கெணத்து மோட்டாரு.” வடியைத் திறந்தேன். “இது சளிப் புடிச்ச புள்ள இருமுறா மாதிரி கீது.” கொஞ்சம் இரைச்சல் சேர்த்தேன். “ஐயோ, இது அவரு இல்ல, இது ரோட்டுல போற ட்ராக்டரு.” எதைச் செய்தாலும் இல்லை இல்லை என்றாள். எனக்குப் பொறுமை போய், “அப்ப நீயே செய்” என்று போனை அவள் மடியில் வைத்தேன். அவளும் விடவில்லை. ஒரு பெட்டிக்குள் இருந்த வட்டக் குமிழைத் தொட்டுத் திருப்பினாள். அவள் விரல் திரைக்குத் தெரிந்தது. சத்தம் இழுத்து இழுத்துத் தேய்ந்தது. “டீசல் தீந்துபோச்சி” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு ஒரு நாள் கேட்டாள்: “எந்த நாளுச் சத்தம் செய்யற? பாடு கெடச்ச நாளா, வெறுங்கையோட வர்ற நாளா?”

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: மீன்பாடு இருந்தால் போட்டு கனமாக வரும், எஞ்சின் திணறும், அடிகள் நெருக்கமில்லாமல் விழும். வெறும் போட்டு என்றால் இலேசாகத் துள்ளிக்கொண்டு வரும். அதை வைத்தே, கூடையோடு கரைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வாளாம். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

“உனக்கு எது வேணும், அண்ணி?”

“வெறுங்கையோட வர்ற நாளு. பாடு இருந்தா ஏலம், கணக்குன்னு கரையிலயே நின்னுடுவாரு. இல்லாத அன்னிக்குத்தான் நேரா வூட்டுக்கு வருவாரு.”

அடிகளை நெருக்கினேன். கனத்தைக் குறைத்தேன். தகரத்துக்கு மெலிதான ஒரு சிலிர்ப்பை, ஒவ்வொரு அடிக்கும் பின்னால், ஒட்டவைத்தேன். இன்னும் சரியில்லை, இன்னும் இலேசாக வேண்டும் என்று கையை நகர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதான்” என்றாள். “அத்தத் தொடாத. அதான்.”

அது இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அண்ணனோடு நான் போட்டில் போயிருக்கிறேன். அந்தத் தகரம் ஒவ்வொரு அடிக்கும் சிலிர்க்காது. போட்டு அலையில் ஏறும்போது சும்மா இருக்கும்; இறங்கும்போதுதான் நடுங்கும். அதுதான் அதன் அழகே. அதை இன்னும் நான் செய்யவே ஆரம்பிக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கரையைப் பார்க்கிறவள்போல் கழுத்தை நீட்டியிருந்தாள். அந்த முகத்திடம் போய் அது அண்ணன் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. கையை எடுத்துவிட்டேன்.

ரொம்ப நேரம் ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு, “இப்ப நிறுத்து. அவரு நிறுத்தறா மாதிரி” என்றாள்.

கடைசி இரண்டு அடிகள் தளர்ந்து விழும்படி வளைவை இழுத்துவிட்டு, நிறுத்தும் பொத்தானைத் தொட்டேன். சத்தம் நின்றது. அண்ணி கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெயிலில் கருவாட்டுப் பாய், ஒரு காகம், வேலி. அவ்வளவுதான் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தோம். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நாங்கள் இருவரும் நிஜமாகவே பொறுத்துப் பார்த்தோம்.

“வர மாட்டாரு, இல்ல?” என்றாள் அண்ணி.

“மாட்டாரு அண்ணி.”

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைச் சாவு வீட்டில்கூட நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். போனைக் காட்டி, “இன்னா பண்ண நீ?” என்று என்னை அதட்டினாள். அண்ணிதான் தலையை ஆட்டி, அவளை ஒன்றும் சொல்லாதே என்றாள்.

சாயங்காலம் கருவாட்டை அள்ளிவைத்துவிட்டு வந்து சொன்னாள்: “அத்த உன் ஆப்புல வெச்சி ஊருக்கெல்லாம் குடுத்துடாத. எனக்கும் போன்ல ஏத்தித் தராத. ஒருவாட்டி கேக்கணும்னு இருந்துச்சி, கேட்டுட்டேன்.” அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பசியாவரத்துக்கும் போகவில்லை. இப்போது பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். நான் ஏலத்தில் பேரம் பேசத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

ஆப் முடிந்தது. ஆட்கள் சிலர் வாங்கினார்கள். தொட்டவுடன் கேட்பதற்கு நான் செய்து வைத்த சத்தங்கள் அதில் நிறைய இருக்கின்றன. அது மட்டும் இல்லை. அதை என் போனில் பெயரில்லாமல் வைத்திருந்தேன். அண்ணிக்கு வேண்டியது அவளுக்குக் கிடைத்துவிட்டது, இனி எனக்காக அதைச் சரிசெய்யலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். அலையில் ஏறும்போது தகரம் சும்மா இருக்க வேண்டும், இறங்கும்போது நடுங்க வேண்டும். வாக்கியமாக எனக்கு எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடி, மனசுக்குள் அண்ணனின் போட்டில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் தகரம் சிலிர்த்தது. மறுபடி மறுபடி கேட்டேன். நான் செய்ததுதான் திரும்பத் திரும்ப வந்தது.

போனிலிருந்து அதை அழித்தேன். அழித்தால் பழையது எங்கிருந்தாவது எழுந்து வரும் என்று நம்பினேன். வரவில்லை. அண்ணியிடம் கேட்க முடியாது. அவள் அதுதான் என்று சொல்லிவிட்டாள். காலையில் கரைக்குப் போய் நின்று, யார் யாருடைய போட்டுகளோ வருவதைக் கேட்கிறேன். என் அண்ணனும் வருகிறான், என் தலைக்குள், நான் செய்துகொடுத்த சத்தத்தோடு.